ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நோட்டு

எனக்கு நீலப் பால்பாயிண்ட்தான்.
மூடி போட்டது.
தலையில் அமுக்கினால் டிக்கென்று திறப்பது ஆகாது;
டயர் கடையில் முதலாளி
டிக் டிக் என்றுதான் நாள் முழுக்க யோசிப்பார்.
ஜெல் பேனா வழுக்கும்.
ஆறும் எட்டும் ஊறி ஒன்றாகிப்போய்
ஒரு மாதம் என் சம்பளத்தில் இருபது திர்ஹம் பிடித்தார்கள்.
ஜூலையில் டெலிவரி வண்டியில் மறந்துவைத்த பேனா
மறுநாள் கிடைத்தபோது
மூக்கில் ரத்தம் வந்த பிள்ளைபோல் இருந்தது,
நீல ரத்தம்.

எமில்டாவுக்குப் பென்சில்.
அதுவும் டூ-பி. பின்னால் ரப்பர் இருக்கக் கூடாது.
ஷார்ப்பனர் கிடையாது,
காய்கறிக் கத்தியால் சீவுகிறாள்.
சிங்க்கில் மரச்சுருள் கிடந்தால்
வந்துபோயிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஷார்ஜா, ரோலா, நான்காம் மாடி.
இரண்டு அறை, ஒரு சமையலறை.
அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டி, எனக்குப் பகல்.
ஃப்ரிட்ஜ் கதவில் கிளிமீன் வடிவக் காந்தம்,
அதன் கீழே
மளிகைக்கடை இலவசமாய்த் தந்த நோட்டு.
ஏழு மாதமாய் நாங்கள்
அதில்தான் ஒன்றாய்க் குடியிருக்கிறோம்.

'பால் நாளைக்கு வராது, வாங்கணும்.'
'கேஸ்காரர் வந்தார். பாதி நீங்க தரணும், அவசரமில்லை.'
'சின்ன டம்ளர் என்னுடையது. ஆனால் எடுத்துக்கலாம்.'
அந்த 'ஆனால்' எனக்குப் பிடித்தது.

காது உடைந்த மக்கில்தான் டீ குடிப்பாள்;
சூடு உள்ளங்கைக்குத் தெரியணுமாம்.
துணிக்கு மர க்ளிப்.
பிளாஸ்டிக் க்ளிப் பால்கனி வெயிலில்
பொரித்த அப்பளம், தொட்டால் நொறுங்கும்.
ஏழு எழுதினால் இடுப்பில் ஒரு கோடு போடுவாள்.
'கம்பிநார் சத்தம் கேட்டால் பல் கூசுது' என்று
ஒரு நாள் எழுதியிருந்தாள்.
'எனக்கும்' என்று கீழே எழுதிவிட்டு
கம்பிநாரைக் குப்பையில் போட்டேன்.
அதுவரை எனக்குக் கூசியதில்லை.

உப்பு டப்பாவை மட்டும் அவள் திருகி மூடுவதில்லை.
மேலே சும்மா வைத்துவிடுவாள்.
தூக்கினால் மூடி என் கையில்,
உப்பு தரையில்.
இதுவரை மூன்று தடவை.
எழுதவில்லை.

போன வியாழன் அவளுக்கு ட்யூட்டி மாறியிருக்கிறது.
லிஃப்டில்
வெள்ளைச் செருப்பு, கையில் குப்பூஸ் பாக்கெட்.
நான்காம் எண்ணுக்கு இரண்டு விரல் ஒன்றாய்ப் போயின.
"நீங்க..."
"நீங்கதானே..."
"புழுக்கம் ஜாஸ்தி இன்னைக்கு."
"ஆமா, ரொம்ப."
எழுத்தை வைத்து உயரமானவள் என்று நினைத்திருந்தேன்.
என் தோள்வரைதான் இருந்தாள்.
முதல் மாடியில் தண்ணீர் கேன்காரர் ஏறினார்,
இருவருக்கும் அப்பாடா.
வாசலில் இரண்டு சாவி,
எது முதலில் என்று ஒரு சின்னத் தடுமாற்றம்.
பிறகு அவள் அவளது கதவைச் சாத்தினாள்,
நான் என்னுடையதை.

காலையில் நோட்டில்,
ரப்பர் இல்லாமல் விரலால் தேய்த்த கறுப்புக்கு நடுவே:
'லிஃப்டில் பேச வரலை. தப்பா எடுக்காதீங்க.
உங்க குரல் உங்க பேனா மாதிரி இல்லை.
உப்பு மூடி தெரியும்.
கூட்டின உப்பை டஸ்ட்பின்ல பார்த்திருக்கேன்.
நீங்க ஒண்ணும் எழுதலை.'

டீ ஆறும்வரை நின்றேன்.
பேனாவின் மூடியைக் கழற்றி
திரும்பப் போட்டேன்.
எழுதினால் அழியாதே என்று
அதைப் பற்றி இன்றுதான் முதலில் தோன்றியது.

சிங்க் ஓரத்தில் அவள் பென்சில்.
மழுங்கியிருந்தது.
கத்தியை எடுத்து, நகத்தில் படாமல்,
கோணல்மாணலாய்ச் சீவினேன்.
என்னென்னவோ எழுத நினைத்து
'தக்காளி வாங்கிட்டேன்' என்று எழுதினேன்.
ஏழு மணி பஸ் என்று சேர்த்து,
ஏழின் இடுப்பில் ஒரு கோடு போட்டேன்.

மரச்சுருளை எடுக்கவில்லை.
சிங்க்கிலேயே கிடக்கட்டும்.